யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனீஸ் ஜிஎஸ்ஆர் 200: முதல் பேஸ் கிட்டாராக எதை எடுப்பது?

இரண்டையும் அருகருகே சாய்த்து வைத்தால் வேறுபாடு சட்டென்று தெரியாது. இரண்டிலும் 4 கம்பி, இரண்டிலும் 34 அங்குல (864 மி.மீ.) ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), பாடியோடு திருகாணியால் பூட்டிய நெக், பி-ஜே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) அமைப்பு. விலையும் கிட்டத்தட்ட ஒரே தட்டில்தான் நிற்கும். கடைக்காரரிடம் கேட்டால் கையிருப்பில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் இவை இரண்டு தனி ஜாதி: ஐபனீஸுக்குள் ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது, யமஹாவுக்குள் இல்லை. முடிவு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் பி-ஜே என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நடுவில் இரண்டு துண்டாக, கொஞ்சம் தள்ளித் தள்ளி இருப்பது பி பிக்கப். ஒரு துண்டு தடித்த இ, ஏ கம்பிகளுக்கு, இன்னொன்று மெல்லிய டி, ஜி கம்பிகளுக்கு. ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸை 1951-இல் கொண்டுவந்தது. பிக்கப்பை இப்படிப் பிரித்தது 1957-இல். பாடியில் கம்பிகள் முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நீளமாகக் கிடப்பது ஜே பிக்கப். 1960-இல் வந்த ஜாஸ் பேஸின் வழி வந்தது. பி-யில் கனமான, உருண்டையான ஒலி. ஜே-யில் ஒல்லியான, கூர்மையான ஒலி. இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் நாப் உண்டு என்பதால் வேண்டிய அளவில் கலந்துகொள்ளலாம்.

கலக்கும்போது புதியவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று. இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் ஒலி இன்னும் பருக்கும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. ஒரே கம்பியின் அதிர்வை இரண்டு பிக்கப்பும் வேறு வேறு இடத்தில் பிடிப்பதால், நடு அலைவரிசைகளில் சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனியாக வாசிக்கையில் அழகாகக் கேட்கும் அந்த ஒலி, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போகும். குழுவோடு வாசிக்கும்போது பி-யை முழுக்க வைத்து, ஜே-யைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். பேஸ் மறுபடி முன்னால் வரும்.

இரைச்சலையும் இதே நாப்களில்தான் சமாளிக்க வேண்டும். பி பிக்கப்பின் இரு துண்டுகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, அதனால் மின் இரைச்சல் தானே அடங்கும். ஒற்றைச் சுருள் ஜே-க்கு அந்த வசதி இல்லை. டியூப்லைட்டுக்கோ கணினித் திரைக்கோ பக்கத்தில் நின்றால் 'ம்ம்ம்' என்று முனகும். பலர் இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடுகிறார்கள். பழுது இல்லை. ஜே வால்யூமைக் குறைத்ததும் முனகலும் குறைந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குவதும் இயல்புதான். தொட்டால் கூடுகிறது என்றால்தான் எர்த் வயரைச் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது பேட்டரி. ஜிஎஸ்ஆர் 200-இல் நான்கு நாப்: இரண்டு வால்யூம், ஒரு டோன், கடைசியாக ஃபேட் டூ என்ற பூஸ்ட். பேட்டரியில் ஓடும் இந்தக் கடைசி நாப் கீழ்ச்சுரங்களைத் தூக்கும். பெரிய ஸ்பீக்கர் உள்ள ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) கால் பங்கு திறந்தாலே அறை நிறையும். சின்ன பயிற்சி ஆம்பில் கதை வேறு. வெறும் இ கம்பியின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. 8 அங்குல ஸ்பீக்கர் அதையே தடுமாறித்தான் தருகிறது, அதன் மேல் பூஸ்டையும் ஏற்றினால் ஒலி பொரியும். வீட்டுப் பயிற்சிக்கு அந்த நாப் பூஜ்யத்திலேயே இருக்கட்டும்.

கேபிளைச் செருகியதும் பேட்டரி இணைப்பு ஆன் ஆகிவிடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ராத்திரி பயிற்சி முடித்து கேபிளோடு ஸ்டாண்டில் மாட்டிவிட்டுத் தூங்கினால் பேட்டரி விடிய விடிய கரையும். தீரப்போகிறது என்பதற்கு அடையாளம்: முதலில் பலமாக மீட்டும் சுரங்கள் மட்டும் கரகரக்கும், பிறகு மொத்த ஒலியும் மெலியும். மேடையில் இது நடந்தால் பின்பக்க மூடியின் திருகுகளைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் புது பேட்டரியும் எப்போதும் கிடக்கட்டும்.

டிஆர்பிஎக்ஸ் 174-இல் இரண்டு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். பூஸ்ட் வேண்டுமென்றால் ஆம்பில் இருக்கிறது. முதல் பேஸ் என்றால் எங்கள் வாக்கு இதற்குத்தான். கற்கும் காலத்தில் ஒலி மாறினால் காரணம் விரலா கருவியா என்று தெரிய வேண்டும். நடுவில் பேட்டரி என்ற மூன்றாவது சந்தேகம் தேவையில்லை. ஏற்கெனவே குழுவில் வாசிப்பவர், ஆம்பைத் தொட வழியில்லாத இடங்களில் நேரடியாக மிக்சரில் செருகுபவர் என்றால் ஐபனீஸின் நாப் நிஜமாகவே உதவும்.

நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். யமஹாவில் 24, ஐபனீஸில் 22. மேலே இரண்டு அரைச்சுரம்தான் வித்தியாசம். பேஸ் வாசிப்பில் பாதிக்கும் மேல் முதல் 12 ஃப்ரெட்டுக்குள் முடிந்துவிடும். கைக்கு எது படிகிறது என்பதைப் பாருங்கள். ஐபனீஸின் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் கட்டை) அகலம் 41 மி.மீ.; ஜாஸ் பேஸின் 38-ஐவிட ஒரு துளி அகலம், ஆனால் நெக் தடிமனாக உறுத்தாது. பாடி மரத்தைப் பற்றி நீளமாகப் பேசுவதில் பயனில்லை. இந்த விலையில் மரம் காலத்துக்குக் காலம் மாறும்.

மாடலைவிட, கையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட கிட்டார் முக்கியம். ஒரே பெயரில் வரும் இரண்டு கருவிகளில் ஒன்று பழமாக இருக்கும், மற்றது முரண்டு பிடிக்கும். நெக்கின் ஓரத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் ரம்பம் போலக் கிழித்தால், மரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது. நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள், ஆம்ப் இல்லாமல். ஜி கம்பியில் 5 முதல் 7 வரையிலான ஃப்ரெட்களில் ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் சாகும். பூட்டிய நெக்குகளில் இது சகஜம், ஆனால் மிக மோசமாக இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். செட்டிங் எதுவும் அதைச் சரி செய்யாது.

கம்பி உயரத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம், அதைச் சரிசெய்யலாம். இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு 7, 8-ஆம் ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. போதும். அதைவிட அதிகமென்றால், நெக்குக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். கம்பியை மறுபடி சுருதி சேர்த்து, நெக் அமர்ந்தபின் பாருங்கள். அடுத்ததாக பிரிட்ஜில் சேடில்களை (ஒவ்வொரு கம்பியும் அமரும் சிறு தாங்கிகள்) இறக்கி, 12-ஆம் ஃப்ரெட்டில் இ கம்பிக்கு 2.5 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்று வையுங்கள். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கெடும். கடைசியாக 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு மட்டும் எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறி நின்றால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

பழைய கிட்டாராக வாங்கினால் ஐபனீஸின் பின்மூடியைத் திறந்து, பேட்டரி கசிந்து கிளிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாடலானாலும் ட்ரஸ் ராடைத் திருப்பும் திருகு நட்டில் சாவியை வைத்து லேசாகத் திருப்பிப் பாருங்கள். முனை மழுங்கி சாவி வழுக்கினால், விலை எவ்வளவு இறங்கினாலும் அதை வாங்காதீர்கள்.