இக்னோ புத்தகமா, என்பிடெல் வீடியோவா?

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டே இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டேன்: தபாலில் புத்தகம் அனுப்பிப் பட்டம் தரும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.காம், ஐஐடி போன்ற நிறுவனங்களின் பேராசிரியர்கள் வீடியோவில் பாடம் நடத்தும் என்பிடெல்லில் 8 வாரக் கணக்கியல் பாடம்.

காசு விஷயம் சுருக்கமாக. என்பிடெல்லில் சேரவும் பார்க்கவும் காசில்லை. தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய் கட்டினேன். இக்னோவில் முதலிலேயே கட்ட வேண்டும். ஆனால் பட்டம் கேட்கும் வேலைக்கு விண்ணப்பம் போட இக்னோ பட்டம்தான் செல்லும், 8 வாரச் சான்றிதழ் செல்லாது.

சொல்லித்தருவதில் வீடியோவை அடித்துக்கொள்ள முடியாது. தேய்மானம் (பொருள் பழசாக ஆக அதன் மதிப்பு குறைவது) என்ற பாடத்தைப் புத்தகத்தில் மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. வீடியோவில் பேராசிரியர் ஒவ்வொரு வருடமாகக் கழித்துக் காட்டியபோதுதான், அப்பா வேலைக்குப் போகும் விசைப்படகின் இன்ஜின் விலை ஏன் வருடா வருடம் இறங்குகிறது என்று விளங்கியது.

சிக்கல் கெடுவில்தான். என்பிடெல்லில் வாராவாரம் அசைன்மென்ட். எட்டில் நல்ல மதிப்பெண் வந்த ஆறை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், ஆக இரண்டு வாரம் தவறலாம். எங்கள் வீட்டில் ஒரே போன். படகு போகும் நாளில் அதைப் பாலித்தீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, அப்பா கடலுக்குக் கொண்டுபோய்விடுவார். என் இரண்டு வாரமும் அதிலேயே தீர்ந்தது. அப்புறம் ஒரு ராத்திரி காற்றும் மழையுமாகக் கரண்ட் போய், டவரும் போனது. "கரண்டு போனா வாத்தியாரும் போயிருவாரா?" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இக்னோ புத்தகம் உப்புக்காற்றில் ஓரம் உப்பிக் கிடந்தாலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கலாம். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடத்துக்குள் முடித்தால் போதும். இந்தத் தாராளம்தான் ஆபத்தும். நேரம் கிடக்கிறதே என்று ஒரு டிசம்பர் தேர்வை நானே விட்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சேராமலே என்பிடெல் வீடியோக்களை யூடியூபில் பார்க்கலாம் என்பது பிறகுதான் உறைத்தது. கெடுவும் இல்லை, 1000 ரூபாயும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், போன் வீட்டில்தான் இருக்கும். இந்த வருடம் இக்னோ பாடத்துக்குத் தேவையான வீடியோக்களை மட்டும் அப்போது இறக்கிவைத்துப் பார்த்தேன். ஜூன் தேர்வில் தேய்மானக் கணக்கு ஒன்று வந்தது. முழுசாகப் போட்டேன்.