லிவர்பூல் ரசிகர்கள்: நார்வேயா, சிங்கப்பூரா?

இங்கிலாந்துக் கால்பந்து அணியான லிவர்பூலுக்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் நார்வேயிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு. யாருடைய பற்று பெரிது? 1969 நவம்பரில் வுல்வர்ஹாம்ப்டன், சண்டர்லாண்ட் ஆட்டத்தை நார்வே அரசுத் தொலைக்காட்சி காட்டியதிலிருந்தே அங்கே சனிக்கிழமை மாலை என்றால் இங்கிலாந்துக் கால்பந்துதான், அப்பாவின் அணியே பிள்ளைக்கும் வந்துவிடுகிறது. வட கடலைத் தாண்டினால் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு, சனி ஞாயிறில் போய்வரலாம்.

சிங்கப்பூர்க்காரருக்கு அந்த வசதி ஏது? இங்கிலாந்தில் இரவு எட்டு மணி ஆட்டம், குளிர்காலத்தில் அவருக்கு விடிகாலை நாலு மணி. 2005இல் இஸ்தான்புல்லில் லிவர்பூல் ஆடிய ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் தொடங்கியபோது சிங்கப்பூரில் அதிகாலை 2.45, இடைவேளையில் எதிரணி மிலான் 3-0 என முன்னிலை, அப்போதும் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் 3-3ஐயும் பெனால்டி வெற்றியையும் கண்ணால் பார்த்தார்கள், அப்புறம் குளித்துவிட்டு நேரே வேலைக்கு.

மைதானத்தில் நின்று பாடுவது பெரிய விஷயம், சரி. என் ஓட்டு சிங்கப்பூருக்குத்தான்.