கத்தரிக்குச் சுண்டையின் வலிமை: கலப்பா, ஒட்டா?

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடலோர மணலில் கிணறு வெட்டிக் கத்தரி போடுபவருக்கு இரண்டு தொல்லை: வேர்முடிச்சு நூற்புழு, பாக்டீரியா வாடல். நூற்புழுவுக்கு மணல்பாங்கான நிலமென்றால் கொண்டாட்டம். இரண்டையும் தாங்கும் உறவுக்காரச் செடி வேலியோரத்துச் சுண்டை. அந்த வலிமையைக் கத்தரிக்குக் கொண்டுவர வழி இரண்டு.

கலப்பு செய்து மரபணுவையே மாற்றுவது ஒன்று. நெல்லில் இது பலித்தது: ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்ததில், ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரி பயிரைக் குட்டையாக்கும் புல்குட்டை வைரஸைத் தாங்கியது, அதன் மரபணு 1976இல் வெளிவந்த ஐ.ஆர். 36 என்ற நெல் ரகத்தில் சேர்ந்தது. விதையிலேயே எதிர்ப்பு இருப்பதால் விவசாயிக்குத் தனி வேலை இல்லை. ஆனால் சுண்டையும் கத்தரியும் எளிதில் கலப்பதில்லை. கலந்தாலும் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடு.

ஆகவே இப்போதைக்கு என் ஓட்டு இரண்டாவது வழியான ஒட்டுக்கன்றுக்கே. வேர் சுண்டை, மேலே நமக்குப் பிடித்த கத்தரி. சுண்டை மெதுவாக முளைக்கும், அதை முன்கூட்டியே விதைக்க வேண்டும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் கத்தரி தானே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் சுண்டைக் கிளையைக் கிள்ளிவிடுங்கள். கன்றின் விலை கூடுதல்தான். காய்ப்புழுவுக்கு இது மருந்தல்ல. காயிலிருந்து எடுக்கும் விதையிலும் சுண்டையின் குணம் வராது, ஒவ்வொரு நடவுக்கும் புதிதாக ஒட்டுக் கட்ட வேண்டும்.