கறைப் பல்லுக்குப் போய்க் கடைவாய்ப் பல்லைப் பார்த்த கதை

2025 ஜூலை முதல் வாரம் கனடாவின் கால்கரியிலிருந்து ஊருக்குக் கிளம்பியபோது பல் சம்பந்தமாக எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. மேல் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால். கேப்போடு சேர்த்து மூவாயிரம் டாலருக்குக் குறையாது என்று கால்கரியில் சொல்லியிருந்தார்கள். இன்னொன்று, முன்பற்களில் சின்ன வயதிலிருந்தே இருக்கும் பழுப்புப் பட்டையை எப்படியாவது வெளுக்க வைப்பது. ஏழு வயது மகளின் பல் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

எங்கள் பாலக்கோடு பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் பட்டையைப் பற்றி விளக்க வேண்டாம். சென்னையில் காலேஜ் சேர்ந்த அன்று ஹாஸ்டலில் சிரித்தேன், எதிர்க் கட்டில்காரன் "தருமபுரியா?" என்றான். ஊரில் கிணறும் போர்வெல்லும் பாறையைத் துளைத்துப் போனவை. பாறையிலிருந்து ஃப்ளோரைடு என்ற உப்பு தண்ணீரில் கரைந்து வருகிறது. அது அளவுக்கு மீறினால் வளரும் பல்லில் இப்படிக் கறை விழும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியக் குடிநீர்த் தரம். எங்கள் பக்கத்துப் போர்களில் பல அதைத் தாண்டியவை. 2013-இல் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக் குழாயில் வந்தது. "பருப்பு சீக்கிரம் வேகுது" என்பதுதான் அதைப் பற்றி அம்மா சொன்ன முதல் விமர்சனம்.

பெங்களூரில் இறங்கியதும், மச்சினி சொன்னாள் என்று ஒரு கண்ணாடிக் கதவு கிளினிக்குக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். டேப்லெட்டில் என் முகத்தைப் படமெடுத்து, வெள்ளைப் பல்லோடு திருப்பிக் காட்டினார்கள். முன்பல் ஆறையும் ராவி கேப் போட வேண்டுமாம். இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் இருபது சதவீதம் தள்ளுபடியாம். பல்லுக்கு ஆடித் தள்ளுபடியா என்று யோசித்தேன். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தருமபுரியில் போனது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மாடியில் இருக்கும் ஒரு கிளினிக். கணவன் மனைவி இருவருமே பல் டாக்டர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள். காலையிலேயே போன் செய்து டோக்கன் வாங்க வேண்டும். செருப்பை வெளியே விட்டு உள்ளே போனால், கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

டாக்டர் என் முன்பல்லை நகத்தால் தட்டிப் பார்த்தார். "இது தேய்ச்சா போற அழுக்கு இல்லைங்க. பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே இறங்கின கறை. பல்லு கெட்டியாத்தான் இருக்கு. கெட்டியா இருக்கிறதை எதுக்கு ராவணும்?"

ஆசிட் கலந்த ஒரு பசையை வைத்து, இரண்டு தடவையாக, மேல் பூச்சை மட்டும் மெல்லத் தேய்த்துவிட்டார். கடுங்காப்பி நிறம் பால் கலந்த டீ நிறத்துக்கு வந்தது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

ரூட் கெனாலைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு சிட்டிங், வலியில்லை. ரூட் கெனாலுக்கு நாலாயிரம், ஜிர்கோனியா கேப்புக்கு எட்டாயிரத்து ஐந்நூறு. ஆனால் அளவெடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பிய கேப் ஆடிப்பெருக்கில் மாட்டிக்கொண்டது. டாக்டரின் உதவியாளரே குடும்பத்தோடு ஒகேனக்கல் போய்விட்டார். கேப் வந்து மாட்டியது நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு. மூன்று நாலு வார லீவில் வருகிறவர்கள் கல்யாணம், கோயில் எல்லாம் முடித்துவிட்டுப் பல்லைப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வந்திறங்கிய வாரமே போய்விடுங்கள்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலி மேலும் கீழும் போவதைப் பார்த்து அவளும் ஏறி உட்கார்ந்தாள். விளையாட்டாக வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர், கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. வலது கீழ்ப் பக்கம், கடைசிப் பல்லின் பள்ளத்தில் பென்சில் முனை அளவுக்குக் கறுப்பு. கூட வந்த அம்மா சொன்னார்: "பால் பல்லுதானே டாக்டர், விழுந்து முளைச்சிரும்."

"இல்லைங்கம்மா, இது ஆறு வயசுப் பல்லு. எந்தப் பல்லும் விழாம, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி புதுசா முளைக்கும். அதனால யாரும் கவனிக்கிறதே இல்லை. பாப்பாவுக்குக் கிழவியாகிற வரைக்கும் இதுதான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க ஊர்த் தண்ணியில ஃப்ளோரைடு போடுறாங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சொத்தை வராமலிருக்கக் குடிநீரில் கொஞ்சம் ஃப்ளோரைடு கலப்பார்கள்; கால்கரி மாநகராட்சி 2011-இல் அதை நிறுத்தியது. பக்கத்து எட்மன்டனில் நிறுத்தவில்லை. இரண்டு ஊர்க் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வில் கால்கரிக் குழந்தைகளுக்குத்தான் சொத்தை அதிகம் என்று வந்தது. 2021-இல் திரும்பப் போடலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது நான் வேண்டாம் என்று குத்தினேன். தருமபுரிக்காரன் வேறெப்படிக் குத்துவான்! ஊர் வேண்டும் என்றது. ஆனாலும் வேலை முடிந்து மறுபடி கலக்க ஆரம்பித்தது 2025 ஜூன் 30-ஆம் தேதி. நாங்கள் விமானம் ஏறியது அதற்குச் சில நாள் கழித்து. அங்கே கலக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரும் அதுவும் ஒன்றல்ல என்பதை, என் வீட்டுப் பல் ஒன்று கறுத்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

அந்தப் பல்லை அடைக்க ஆயிரத்து இருநூறு ரூபாய். மற்ற மூன்று ஆறு வயசுப் பற்களின் பள்ளத்திலும், சொத்தை வராமல் மூடிவைக்கும் சீலன்ட் பூசினார், பல்லுக்கு எண்ணூறு. ஊசி போடவில்லை. பேஸ்ட் பட்டாணி அளவுதான், துப்பத்தான் வேண்டும், விழுங்கக் கூடாது, ராத்திரி நீங்களே தேய்த்துவிடுங்கள் என்றார். அம்மாவையும் விடவில்லை. "கிளீன் பண்ணா பல்லு ஆடும்" என்று இருபது வருடமாகத் தட்டிக் கழித்தவர். "ஆடுற பல்லைக் காரை பிடிச்சு வெச்சிருக்கும்மா, எடுத்தா ஆட்டம் தெரியும், அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

ரசீதில் பல் எண்ணை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் மொத்தத் தொகையை மட்டும் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண் உண்டு, கனடாவிலும் இந்தியாவிலும் ஒரே எண் முறைதான். மகளின் பல் இரண்டு இடத்திலும் 46.

கால்கரிக்குத் திரும்பியதும் அந்தச் சீட்டை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். 46-ஐத் தட்டி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றார். அப்புறம் என் முன்பல்லைப் பார்த்து, காபி நிறையக் குடிப்பீர்களோ என்று கேட்டார்.