முட்டுச்சந்துக் கணக்கு: ஓஎஸ்எம்என்எக்ஸை எதுவரை நம்பலாம்?

ஒரு நகரில் எத்தனை முச்சந்தி, எத்தனை நாற்சந்தி, எத்தனை முட்டுச்சந்து என்று சில வரி நிரலிலேயே எண்ணித் தந்துவிடுகிறது ஓஎஸ்எம்என்எக்ஸ். ஜெஃப் போயிங் உருவாக்கிய இலவச பைத்தான் லைப்ரரி இது; தரவு, யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் உலக வரைபடத்திலிருந்து வருகிறது. இன்றைய தெருப்பின்னலை அளக்க அருமையான கருவி. நகரம் பரவும் போக்கை அளக்கவோ, டிஃபால்ட்டில் (நாம் எதையும் மாற்றாமல்) விட்டால் காலை வாரிவிடும்.

நடுவே தடுப்புள்ள இரண்டு சாலைகள் குறுக்கிட்டால் வரைபடத்தில் நான்கு புள்ளிகள் விழும். தெருவில் அது ஒரே நாற்சந்தி. இவற்றை ஒன்றாக்கும் கட்டளையில் டிஃபால்ட் 10 மீட்டர். அது ஆரம். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்டம் போட்டு, வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சேர்த்துவிடும். ஆக, 18 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு தனித்தனி சந்துமுனைகளும் ஒன்றாகிவிடும். குறுகிய சந்துகள் நிறைந்த பழைய பகுதிகளை 4, 5 மீட்டரில் தனியாக ஓட்டுவது நல்லது. முதலில் வரைபடத்தை மீட்டர் அளவுக்கு மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் 10 என்பது 10 பாகை, ஊரே ஒரு புள்ளி!

இதைவிட மோசம், அதே கட்டளை முட்டுச்சந்துகளைச் சொல்லாமல் தூக்கி எறிவது. பரவலின் முக்கிய அடையாளமே அதுதானே? ‘டெட் எண்ட்ஸ்’ மதிப்பை ‘ட்ரூ’ ஆக்காமல் ஓட்டவே கூடாது.

கார் செல்லும் தெருக்களை மட்டும் கேட்டால், தனியார் பாதை என்று குறிக்கப்பட்டவை விடுபடும். வாயிற்கதவு போட்டு அடைத்த குடியிருப்புகளின் உள்தெருக்கள் மறைந்து, புறநகர் உள்ளதைவிட நன்றாக இணைந்ததுபோல் தெரியும். இன்னொன்று: வளைவு விகிதம் (தெருவின் நீளம் அதன் இரு முனைகளுக்கு இடையிலான நேர்த்தூரத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) ஒவ்வொரு தெருத்துண்டுக்கும் உரியது. பயணத்தின் சுற்றுவழியை அது சொல்லாது.

போக்கைப் பார்க்க, பழைய தேதியிட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்குவது வீண்வேலை. தெரு எப்போது வரையப்பட்டது என்றுதான் அது சொல்லும். எப்போது போடப்பட்டது என்று சொல்லாது. அதற்குப் பதில், எங்கெங்கே கட்டடங்கள் உள்ளன என்று காட்டும் ஐரோப்பிய ஆணையத்தின் ஜிஎச்எஸ்எல் கட்டடப் பரப்பு அடுக்குகள் 1975 முதல் 5 ஆண்டு இடைவெளியில் கிடைக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பும் எந்த ஆண்டு அடுக்கில் முதலில் கட்டடப் பரப்புக்குள் வருகிறது என்று பிரித்து, காலகட்டவாரியாக முட்டுச்சந்து விகிதத்தை ஒப்பிடலாம். 2025, 2030 அடுக்குகள் கணிப்பு, அவற்றை விட்டுவிடவும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பிழையைத் திருத்திய பிறகும் எண்கள் அசையவில்லையா? முன்பு இறக்கிய தரவைச் சேமித்து வைத்திருக்கும் ‘கேஷ்’ ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.