பலகை, அளவுகோல், மழைமானி: சிராக்யூஸ் பனியை அளக்க எதை வாங்கலாம்?

எங்கள் ஊருக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் அக்டோபர் வந்ததும் கேட்பது இரண்டுதான்: எந்த ஷவல் நல்லது, பூட்ஸ் எங்கே வாங்கலாம். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, பனி அளக்கிற சாமானையும் சேர்த்து வாங்குங்கள் என்று நானாகவே சொல்வேன். சாமான் மூன்று. வெள்ளை பெயின்ட் அடித்த பலகை, அங்குலத்தைப் பத்தாகப் பிரித்துக் காட்டும் அளவுகோல், நாலு அங்குல வாய் உள்ள மழைமானி. பலகை இல்லாமல் அளக்கவே கூடாது, ஆனால் அதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டாம். கோலை உலோகத்தில் வாங்குங்கள். மழைமானி விலை கூடுதல்தான். ஆனாலும் இந்த ஊர்ப் பனியைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

இதெல்லாம் வானிலை ஆபீஸ் வேலையாயிற்றே, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இங்கே ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் மேல்பகுதியில் சிராக்யூஸ், பஃபலோ, ராச்செஸ்டர், பிங்ஹாம்டன், ஆல்பனி என்று ஐந்து ஊர்களுக்குள் எந்த ஊரில் அதிகப் பனி என்று வருஷா வருஷம் போட்டி. பெயர் கோல்டன் ஸ்னோபால். 1970களின் இறுதியில் பஃபலோ, ராச்செஸ்டர் வானிலை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள் விளையாட்டாக ஆரம்பித்தது. நடுவில் சில வருஷம் நின்று, மறுபடி உயிர் பெற்றது. கோப்பையை அதிக தடவை எடுத்தது எங்கள் சிராக்யூஸ். ஒரு சாதாரண சீசனிலேயே பத்தடிக்கு மேல் கொட்டும் ஊர் இது. ஷவல் போட்டு முதுகு ஒடிந்தவர்கள்கூட மார்ச் மாதம் பஃபலோ நம்மை நெருங்குகிறது என்று கேள்விப்பட்டால் இன்னும் ஒரு புயல் வரட்டும் என்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான், மனதார.

என் தம்பி பஃபலோவுக்கு வடக்கே ஆம்ஹர்ஸ்டில் இருக்கிறான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எங்கள் வீட்டு போன் பேச்சு முக்கால்வாசி இதுதான். “அக்கா, உங்களுக்கு எத்தனை இன்ச்?” என்பான். “நீ முதல்ல சொல்லுடா” என்பேன். முன்பெல்லாம் அவன் காரின் மேல் கிடக்கிற பனியைப் பார்த்து ஒரு கணக்குச் சொல்வான், நான் வேலி ஓரத்தைப் பார்த்து ஒரு கணக்குச் சொல்வேன். காரின் சூட்டில் அடிப்பனி உருகியிருக்கும்; வேலி ஓரத்தில் காற்று கொண்டுவந்து குவித்திருக்கும். இரண்டுமே அளவில்லை. முறையாக அளக்க வேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்தது.

முதலில் பலகை. அரை அங்குலக் கனமுள்ள ப்ளைவுட்டை, பக்கத்துக்கு இரண்டடி வரும்படி மரக்கடையில் அறுத்துத் தரச் சொல்லுங்கள். வெளிச்சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயின்ட் இரண்டு கோட். அவ்வளவுதான். வெள்ளை ஏன் என்றால், அடர்ந்த நிறம் வெயிலை இழுத்துக்கொண்டு அடியிலிருந்து பனியை உருக்கும். புல்தரையில் நேராகக் கோலை ஊன்றினால் என்ன என்று தம்பி கேட்டான். புல் நுனியில் பனி உட்கார்ந்திருக்கும், கீழே வெறும் காற்று இருக்கும். அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் கோல் காட்டும். வீட்டுச் சுவர், மரம், வேலி எதற்கும் ஒட்டாமல், அதே சமயம் காற்று நேராக அடிக்காத இடமாகப் பார்த்துப் பலகையைத் தரையோடு தரையாகப் பதித்துவிட்டு, மூலையில் ஆரஞ்சுக் கொடி ஒன்றை நட்டுவிடுங்கள். கொடி இல்லாவிட்டால் ஒரு ராத்திரிப் பனிக்குப் பிறகு பலகை எங்கே என்று தேட வேண்டியதுதான். ஆன்லைனில் இதையே அழகாகப் பெயர் போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அதில் கூடுதலாக ஒன்றும் இல்லை.

கோல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். முதலில் வாங்கிய பிளாஸ்டிக் கோல், கடை பெயர் வேண்டாம், ஜனவரி முடிவதற்குள் எண்கள் உரிந்து வந்துவிட்டன. மைனஸ் குளிரில் வளைத்தால் சடக்கென்று முறியும் போலவும் இருந்தது. இப்போது வைத்திருப்பது அலுமினியம். எண்கள் உலோகத்திலேயே பொறித்தவை, கையுறையோடு பிடிக்க வசதி. அங்குலத்தை எட்டாகவும் பதினாறாகவும் பிரிக்கிற தச்சுக் கோல் இதற்குச் சரிப்படாது. பனிக்கணக்கு முழுக்கப் பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு என்றுதான் போகும். பத்தில் ஒன்றுக்கும் குறைவாக விழுந்தால் டிரேஸ் என்று எழுதுவார்கள். எத்தனை டிரேஸ் கூட்டினாலும் மொத்தத்தில் ஒன்றும் ஏறாது.

அளக்கிற விதம் இப்படி. பனி நின்றதும் பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கோலைச் செங்குத்தாக இறக்க வேண்டும். மேல்பனியில் சத்தமே இல்லாமல் இறங்கி, அடியில் மரத்தில் ‘டொக்’ என்று முட்டும். அந்தச் சத்தம் கேட்கும்வரை அழுத்தக் கூடாது, தானாக இறங்க விட வேண்டும். கண்ணைப் பனியின் மேல்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து படிக்க வேண்டும். மூன்று நாலு இடத்தில் எடுத்துச் சராசரி போட வேண்டும். ஒரு தடவை ஒரே பலகையில் 4.1, 4.3, 4.5 வந்தது, 4.3 என்று எழுதினேன். பிறகு பலகையைத் துடைத்து, பக்கத்துப் பனியின் மேல்மட்டத்தில் திரும்ப வைத்துவிட வேண்டும். அடுத்த பனி அதன்மேல் புதிதாக விழும்.

துடைப்பதிலும் ஒரு சட்டம் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் துடைத்து அளக்கக் கூடாது. பனி தன் கனத்தில் தானே அமுங்கும். மணிக்கொரு தடவை அளந்து துடைத்துக் கூட்டினால் அமுங்கியது கணக்கில் வராமல் மொத்தம் ஊதிப்போகும். இது சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் மாண்டேக் கதையைக் கேட்க வேண்டும். சிராக்யூஸுக்கு வடக்கே டக் ஹில் மேட்டில் இருக்கிற குட்டி ஊர் அது. 1997 ஜனவரி 11, 12 தேதிகளில் அங்கே 24 மணி நேரத்தில் 77 அங்குலம் என்று பதிவானது. கொலராடோவின் சில்வர் லேக்கில் 1921இல் விழுந்த 75.8 அங்குலத்தைத் தாண்டி, நாட்டின் சாதனையாகியிருக்க வேண்டியது. ஆனால் அந்த 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் அளந்து கூட்டியிருந்தார்கள். விசாரித்த தேசியக் குழு சாதனையாக ஏற்கவில்லை. அளந்தவர் நேர்மையானவர், பனியும் உண்மையாக விழுந்ததுதான், முறை மட்டும் ஒத்துவரவில்லை. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஆனாலும் குழு செய்தது சரி என்றே சொல்வேன். அளவை இஷ்டத்துக்கு விட்டால் எந்த ஊரும் எந்த ஊரோடும் போட்டி போட முடியாது.

மழைமானிக்கு வருகிறேன். உள்ளே ஒரு மெல்லிய குழாய், மேலே புனல், வெளியே நாலு அங்குல உருளை. மழைக்காலத்தில் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். பனிக்காலம் வந்ததும் புனலையும் குழாயையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, உருளையை மட்டும் வெளியே விட வேண்டும். உள்குழாயில் தண்ணீர் உறைந்தால் வெடித்துவிடும். இதைப் பெட்டியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். நான் வாங்கியதில் பொடி எழுத்தில் நாலாவது பக்கத்தில் இருந்தது. அது ஒரு குறை. கம்பத்தில் மாட்டுகிற பிடியின் திருகும் இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்திருக்கலாம்.

பனி விழுந்தபின் உருளையை உள்ளே கொண்டுவந்து, உள்குழாயில் அளந்து எடுத்த வெந்நீரை ஊற்றி உருக்கி, மறுபடி புனல் வழியாகக் குழாயில் அளந்து, ஊற்றிய வெந்நீரைக் கழித்தால் பனிக்குள் இருந்த தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். காற்று பலமாக அடித்த நாட்களில் உருளைக்குள் பனி சரியாக விழாது. அப்போது உருளையைப் பலகைமேல் கவிழ்த்து அழுத்தி, அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, புட்டு எடுப்பதுபோல் அலுங்காமல் எடுத்துவிடலாம். தகட்டுக்கு நான் தோசைத் திருப்பியைத்தான் பயன்படுத்துகிறேன். அதற்கென்று தனியாக ஒன்று கராஜில் இருக்கிறது.

இந்த உருளையில்தான் ஊர்களின் வித்தியாசம் தெரிகிறது. பொதுவாகப் பத்து அங்குலப் பனிக்கு ஒரு அங்குலத் தண்ணீர் என்பார்கள். எங்கள் லேக் எஃபெக்ட் பனியோ இருபது, சில சமயம் முப்பது அங்குலத்துக்குத்தான் ஒரு அங்குலம் தரும். பஞ்சு மாதிரி லேசு. கனடாப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று ஒன்டாரியோ ஏரியைக் கடக்கும்போது ஈரத்தையும் சூட்டையும் வாங்கிக்கொண்டு, கரை ஏறியதும் கொட்டுகிறது. பஃபலோவுக்கு அதே வேலையை ஈரி ஏரி செய்கிறது. ஆனால் ஈரி ஆழமில்லாத ஏரி, சராசரி 62 அடிதான். நல்ல குளிர் வருஷத்தில் உறைந்து மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் பஃபலோவின் பனித்தொழிற்சாலைக்கு லீவு. ஒன்டாரியோ சராசரி 283 அடி ஆழம், முழுசாக உறைவது அபூர்வம். அதனால் பிப்ரவரியிலும் எங்களுக்கு விழுந்துகொண்டே இருக்கும். டிசம்பரில் தம்பி முன்னால் போனால் நான் பதறுவதில்லை, இதனால்தான். ஆல்பனிக்காரர்கள் வேறு ஜாதிப் பனி பார்க்கிறவர்கள். அவர்களுடைய பெரிய பனி அட்லாண்டிக் கரையோரம் ஏறிவரும் புயல்களில் வருவது. ஷவலில் அள்ளினால் அதன் கனத்தைக் கை சொல்லும்.

தம்பி எப்போதும் எடுத்துவிடுகிற அஸ்திரம் 1976–77. அந்த சீசனில் பஃபலோவில் 199.4 அங்குலம். எங்கள் உச்சம் 1992–93இல் 192.1. ஏழு அங்குலம் அவன் பக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வருஷத்துப் புகழ்பெற்ற பனிப்புயலைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் பலகையைக் காட்டுவேன். 1977 ஜனவரி 28இல் தொடங்கிய அந்தப் புயலில் பஃபலோவில் புதிதாக விழுந்தது ஏறக்குறைய ஓர் அடிதான். ஏரி டிசம்பரிலேயே உறைந்து, அதன்மேல் சேர்ந்து கிடந்த பனியை வாரி ஊருக்குள் எறிந்தது காற்று. வீடுகள் புதைந்தன, உயிர்கள் போயின. அந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காற்று தூக்கி வந்த பனி பொழிந்த பனி ஆகாது, கணக்கில் ஏறாது.

எங்கள் 1992–93க்கும் ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் சலித்துப்போன சிராக்யூஸ் நகரசபை, 1992 மார்ச் 30இல், அந்த வருஷம் டிசம்பர் 24 வரை நகரத்துக்குள் பனி விழக் கூடாது என்று தீர்மானமே போட்டது. அடுத்த சீசனில் வந்ததுதான் அந்த 192.1. இப்படி ஒரு தீர்மானம் போட்ட ஊரில் வரி கட்டுவதில் எனக்குப் பெருமை.

இந்தப் போட்டியில் ஒரு நியாயமான மனக்குறை எல்லா ஊருக்கும் உண்டு. அதிகாரபூர்வக் கணக்கு விமான நிலையத்தில் எடுப்பது. லேக் எஃபெக்ட் மேகம் சன்னமான பட்டையாக வரும், ஒரு தெருவை மூடிவிட்டு அடுத்த பேட்டையில் வெயில் காட்டும். 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் ஏறக்குறைய 80 அங்குலம் விழுந்து, பஃபலோவின் அமெரிக்கக் கால்பந்து அணியான பில்ஸின் ஆட்டத்தை டெட்ராய்டுக்கு மாற்றினார்கள். அதே புயலில் பஃபலோ விமான நிலையத்துக்கு அதில் பாதிகூட வரவில்லை. இன்னும் வடக்கே இருக்கும் தம்பி வீட்டில் வெகு குறைவு. “டிவியில பாத்து பயந்துட்டேன்டா” என்று போன் செய்தால், “இங்க ஒண்ணுமில்லக்கா, கடைக்குப் போயிட்டு வந்தேன்” என்கிறான். அந்த சீசனில் கோப்பையும் பஃபலோவுக்கே போனது. எங்கள் வீடு சிராக்யூஸின் ஹான்காக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான், அப்படியும் என் பலகை காட்டுவதும் அவர்கள் அறிவிப்பதும் சில நாட்களில் இரண்டு அங்குலம்வரை வித்தியாசப்படும். ஊர்க்கணக்கு அவர்களுடையது, வாசல் கணக்கு என்னுடையது. கூரைக்கு எவ்வளவு பாரம், ஸ்னோ ப்ளோவரை எடுப்பதா ஷவல் போதுமா என்பதற்கெல்லாம் வாசல் கணக்குதான் உதவும்.

ஆகவே பட்ஜெட் கொஞ்சம்தான் என்றால் பலகையும் கோலும் போதும், உண்மையான அளவு கிடைத்துவிடும். பனி எப்படிப்பட்டது என்றும் தெரிய வேண்டுமானால் மழைமானி வாங்குங்கள். கோடையில் தோட்டத்துக்கும் ஆகும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். தசமம் கூட்டுவது என் மகளுக்கு வந்தது இந்தப் பலகையில்தான். முதல் பனிக்கு முன்பே, தரை உறையாதபோதே, மானியின் கம்பத்தை நட்டுவிடுங்கள். ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததும் பலகையைத் தூக்கி கராஜில் போட்டுவிடாதீர்கள். சீசன் கணக்கு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30வரை ஓடுகிறது, ஏப்ரல் பனி இங்கே புதிதில்லை, பஃபலோவுக்கும் நமக்கும் நடுவே சில வருஷம் அந்த இரண்டு அங்குலம்தான் நிற்கும்.