பிரம்புக் கதிரை: தடிப்பைப் பார்ப்பதா, முற்றலைப் பார்ப்பதா?

கதிரை வாங்கப் போனால் நாங்கள் முதலில் பிடித்துப் பார்ப்பது பிரம்பின் தடிப்பைத்தான். ஆனால் பிரம்பு பனை, தென்னை குடும்பம். வயது ஏறினாலும் தண்டு பருக்காது. ஒரே கொடியின் முற்றிய அடியும் இளம் மேற்பகுதியும் கிட்டத்தட்ட ஒரே தடிப்பில் இருக்கும். வேறுபாடு உள்ளே இருக்கிறது.

முற்றிய அடித்தண்டில் நார்களின் சுவர் தடித்து, நார்களை இறுக்கும் லிக்னின் என்ற பொருள் நன்றாக ஏறியிருக்கும். நாரின் அடிப்படைப் பொருளான செலுலோஸ் இழுவையைத் தாங்கும், லிக்னின் அதை இறுக்கிப் பிடிக்கும். நீராவி பட்டால் இளகி வளைவதும், ஆறியதும் அந்த வளைவிலேயே நிற்பதும் இந்த லிக்னினால்தான். இளந்தண்டில் நார் குறைவு, ஈரம் அதிகம். காய்ந்தால் சுருங்கித் தோல் திரைந்துவிடும். விலை குறைவென்றாலும் கதிரைக் காலுக்கு அதை வாங்கவே கூடாது.

அடுத்தது நாட்டுப் பிரம்பா, வெளிநாட்டுப் பிரம்பா என்ற கேள்வி. ஆற்றோரத்திலும் குளக்கரையிலும் வளரும் நம்முடைய கலமஸ் ரொட்டாங் என்ற பிரம்பு மெல்லியது. பின்னலுக்கும் கட்டுக்கும் அருமையானது. கதிரையின் சட்டத்துக்கு 18 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தண்டு வேண்டும். சுமாத்திரா, மலாயாப் பக்கத்து மனாவ் என்ற தடித்த பிரம்பு அதற்குப் பொருந்தும். சரி, இருக்கை பின்னுவதற்குத் தோலா, உட்தண்டா? நான் தோலைத்தான் சொல்வேன். நார் செறிவாக இருப்பதும், சிலிக்கா படிந்து பளபளப்பதும் அங்கேதான். உட்தண்டு மென்மையானது, சாயம் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும்.

வன்னியில் பிரம்புக்குப் பெரிய எதிரி அதனுள் இருக்கும் மாப்பொருள். பூஞ்சணமும் வண்டும் தேடி வருவது அதைத்தான். ஒக்டோபரில் மாரி தொடங்கியபின் வெட்டிய பிரம்பைப் பச்சையாகப் போட்டுவைத்தால் பூஞ்சணம் பிடித்து நீலக்கறை விழும். அது அழகைத்தான் கெடுக்கும். வண்டு வந்தால் பிரம்பே உளுத்து மாவாய்க் கொட்டும். எண்ணெயில் வேகவைத்தால் ஈரமும் மெழுகும் போகும், மாப்பொருள் போகாது. வண்டைத் தடுப்பது போரக்ஸ் (வெண்காரம்), போரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பதுதான். அதுவும் மழை நனைத்தால் கரைந்து போய்விடும்.

அதனால் சாரல் அடிக்கும் திண்ணைக்கு பிளாஸ்டிக் பின்னலே மேல். உளுக்காது, உக்காது. ஆனால் கோடை வெயில் நேரே விழுந்தால் மலிவானது நொறுங்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் போட என்றால் முற்றிய பிரம்புதான்.

சந்தேகமிருந்தால் வெட்டுமுனையில் ஒரு துளி அயடீன் விடுங்கள். கருநீலம் கடுமையாக ஏறினால் மாப்பொருள் நிறைய இருக்கிறது. மருந்தில் ஊறவைத்ததா என்று கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம்.